டாங்கிள் பழுதானால் கணக்கு என்னாகும்?

கணினியில் பில் போடத் தொடங்கிய காலத்தில் நம் வணிகர்கள் பலருக்கு மென்பொருளோடு ஒரு சிறு பெட்டியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பிரிண்டர் இணைக்கும் 25 முனை வாயிலில் அதைச் செருகினால்தான் மென்பொருள் ஓடும். யு.எஸ்.பி. வாயில் புழக்கத்துக்கு வந்த பிறகு அது விரல் அளவுக்குச் சுருங்கியது. இதைத்தான் டாங்கிள் என்றும், ஹார்டுவேர் லாக் என்றும் சொல்கிறோம்.

அந்தப் பழைய டாங்கிள்கள் இன்று ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டிருப்பார். புதுக் கணினிகளில் 25 முனை வாயிலே இருப்பதில்லை. பல வருடப் பற்று வரவு உள்ளே கிடக்க, நாம் வெளியே நிற்கிறோம். இந்த நேரம் பார்த்து, "டாங்கிளை நகல் எடுத்துத் தருகிறோம்" என்று சிலர் வருகிறார்கள். அந்த வேலை என்ன, எது முறை, எது தவறு என்று நாம் அறிந்திருப்பது நல்லது.

டாங்கிளுக்குள் இருப்பது என்ன?

டாங்கிளுக்குள் நம் கணக்கு இல்லை. கணக்கு முழுவதும் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. டாங்கிளில் உள்ளது உரிமம் பற்றிய விவரம் மட்டுமே. மென்பொருள் அவ்வப்போது ஓர் எண்ணை அனுப்பும். டாங்கிள் அதற்குரிய விடை எண்ணைத் திருப்பும். விடை சரியாக இருந்தால் வேலை நடக்கும்.

அதிகம் புழங்கிய சென்டினல் சூப்பர்புரோ டாங்கிளில் 64 அறைகள், அறைக்கு 16 பிட், ஆக மொத்தம் 128 பைட்தான். சில அறைகளை வெளியிலிருந்து படிக்கலாம். விடையைக் கணக்கிடும் ரகசிய அறைகளைப் படிக்க முடியாது.

நகல் எடுக்கும் முறை

இதில் மூன்று படிகள் உண்டு. முதலில், வேலை செய்யும் டாங்கிளைப் படித்து அதிலுள்ளதை ஒரு கோப்பாக எடுப்பார்கள். இதற்கு டம்ப் என்று பெயர். அடுத்து, அந்தக் கோப்பை எமுலேட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவார்கள். வின்டோஸில் இது பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரி பதிவாக அமையும். கடைசியாக எமுலேட்டர் டிரைவரை நிறுவுவார்கள். மென்பொருள் கேள்வி கேட்கும்போது டாங்கிளுக்குப் பதிலாக இதுவே விடை சொல்லும்.

முழுவதும் செத்த டாங்கிளிலிருந்து எதையும் படித்து எடுக்க முடியாது. புதிய வகை டாங்கிள்களில் ரகசியச் சாவி வெளியே வராதபடி காக்கப்படுகிறது. ஆகவே, "எந்த டாங்கிளானாலும் செய்து தருவோம்" என்பவரை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். மேலும், முறையான கையொப்பம் இல்லாத டிரைவரை 64 பிட் வின்டோஸ் ஏற்காது. ஏற்க வைப்பதற்காகக் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்துவார்கள். அப்படிப்பட்ட கணினியில் வங்கி வேலையும் ஜி.எஸ்.டி. வேலையும் செய்யக் கூடாது.

சட்டம் சொல்வது

2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத காரியத்துக்காகச் செய்தால் விலக்கு இருக்கிறது. ஆனால் செய்து கொடுப்பவர், யாருக்காகச் செய்தார், எதற்காகச் செய்தார் என்ற விவரங்களைப் பெயர், முகவரியோடு பதிந்து வைக்க வேண்டும். பெயர் கேட்காமல், ரசீது தராமல் செய்பவரிடம் போகக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஓர் உரிமம் வாங்கி, நகல் போட்டு மூன்று கவுண்டரில் ஓட்டுவது திருட்டுதான். எடை குறைத்து விற்பதை ஒப்பாத நாம் இதையும் ஒப்பக் கூடாது.

இப்போதே செய்ய வேண்டியவை

1. டாங்கிள் வேலை செய்யும்போதே எல்லா வருடத்துப் பேரேடு, சரக்கு இருப்பு, பார்ட்டி பாக்கி ஆகியவற்றைக் கோப்பாக எடுத்து, காகிதத்திலும் அச்சிட்டு, இறுதி இருப்பைச் சரிபார்க்கவும்.

2. பழைய டாஸ் மென்பொருள்கள் பல பாக்ஸ்புரோ, கிளிப்பர் ஆகியவற்றில் எழுதப்பட்டவை. அவற்றின் கணக்கு டி.பி.எஃப். கோப்புகளில் இருக்கும். லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற இலவச மென்பொருளிலேயே அவற்றைத் திறந்து பார்க்கலாம், டாங்கிள் தேவையில்லை.

3. மென்பொருள் தந்தவர் இருந்தால், மாற்று டாங்கிளோ நகலுக்கு அனுமதியோ எழுத்து மூலம் கேட்கவும். வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்தவும்.

4. பழைய கணினி ஓடுகிறதென்றால் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். இணைய இணைப்பை எடுத்துவிட்டுக் கணக்குப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். 25 முனை டாங்கிளைக் கணினியை அணைத்த பிறகே கழற்றவும்.

5. இவை எதுவும் கைகொடுக்காதபோது மட்டுமே எமுலேட்டர். அதற்கு முன் ஹார்டு டிஸ்க்கை முழுமையாக நகல் எடுத்துக்கொண்டு, வழக்கறிஞரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டியது நம் கடமை. அதிகாரி கேட்கும்போது, டாங்கிள் கெட்டுவிட்டது என்பது பதிலாகாது. வரும் ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைத்துப் பொட்டு வைப்பதற்கு முன், முதல் இரண்டு வேலைகளையாவது முடித்துவிடுவோம்.