‘மூவ்’ என்னும் ஆங்கில வினையும் அதன் உணர்ச்சிப் பொருளும்

இலத்தீன் ‘மொவேரே’ என்னும் வினையினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்த ‘மூவ்’ என்னும் சொல்லுக்கு இயக்கமே அடிப்படைப் பொருள். வீடு மாறுதல், சதுரங்கக் காயை நகர்த்துதல், அவையில் தீர்மானத்தை முன்மொழிதல் ஆகிய பொருள்களைத் தமிழில் பெயர்ப்பதில் இடர்ப்பாடு இல்லை. அச்சொல் உள்ளத்தைப் பற்றி வரும்போதே சிக்கல் எழுகிறது. அடையின்றி வரின் அது இரக்கத்தையோ கனிவையோ உணர்த்தும். சினத்தைக் குறிக்கச் சினம் என்னும் சொல்லையும் உடன் சேர்த்தல் வேண்டும்.

இதனை ‘உள்ளத்தை அசைத்தது’ எனப் பெயர்ப்பது பொருந்துமா? தமிழில் மனம் அசைதல் என்பது உறுதி தளர்தலாகும். சங்க இலக்கியத்தில் ‘அசைஇ’ என்னும் எச்சம் இளைப்பாறித் தங்குதலையும் குறிக்கிறது. இயக்கத்திற்கு நேர்மாறான பொருள் இது.

உருகுதல், நெகிழ்தல், கரைதல், கனிதல் என்னும் தமிழ் வினைகள் இடமாற்றத்தைச் சுட்டுவன அல்ல. திண்மை குன்றும் நிலைமாற்றத்தைச் சுட்டுவன. அகப்பாடல்களில் தலைவியின் வளை நெகிழ்வதும் இவ்வழிப்பட்டதே. கலங்குதல் இயக்கத்திற்குச் சற்று அணுக்கமானது. எனினும் அதுவும் நீர் தெளிவிழத்தலையே முதன்மையாகக் காட்டும்.

இலக்கண அமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் உணர்பவர் பெரிதும் செயப்பாட்டுவினையின் எழுவாயாக, பிறிதொன்றால் இயக்கப்படுபவராக நிற்கிறார். தமிழிலோ ‘நெகிழ்ந்தாள்’ எனத் தன்வினைக்கு அவரே எழுவாயாகிறார். இயக்கும் பொருளுக்கே அழுத்தம் தர வேண்டிய இடங்களில் மட்டும் ‘உருக்கியது’ என்னும் பிறவினை ஏற்புடைத்து.