வெள்ளி விளக்குத்தண்டும் நம் கரைத் துணியும்

வழக்கிலுள்ள தமிழ்த் திருமறையில், ஆசரிப்புக் கூடாரத்துப் பொன் விளக்கைக் 'குத்துவிளக்கு' என்றும், மலைப்பொழிவில் வரும் வீட்டுப் பொருளை 'விளக்குத்தண்டு' என்றும் பெயர்த்துள்ளனர். மெழுகுதிரி தாங்கும் மேனாட்டுப் பொருளுக்கு நம் பழைய வழக்கில் தனிச்சொல் இன்மையின், பின்னதையே யாம் ஈண்டு ஆள்கின்றோம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில், பாஸ்டன் நகரத்துத் தட்டார் ஜெரமையா டம்மர் (1645–1718) செய்த வெள்ளி விளக்குத்தண்டு ஒன்று உளது. அடிப்பீடம் சதுரம், தண்டோ மெல்லிய தூண்கள் பலவற்றை ஒருங்கு கட்டினாற்போன்றது. மாமல்லபுரத்து மண்டபத் தூண்களைக் கண்டு பழகிய நமக்கு அதனைப் படத்திற் காணும்போது சிறியதொரு கற்றூணின் நினைவே வரும். வடிவம் அக்காலத்து இலண்டன் வழக்கு. குடியேற்ற நாடுகளிற் செய்யப்பெற்றவற்றுள் 1700-க்கு முற்பட்டன மிகச் சிலவே எஞ்சின. இதற்குக் காரணம் உண்டு. வங்கி இல்லாத ஊரில் வெள்ளிக் கலமே சேமிப்பு. காசை உருக்கிக் கலமாக்குவர், முடை வந்தால் கலத்தை உருக்கிக் காசாக்குவர். நம் அன்னையர் நகையை அழித்துச் செய்வதும் இவ்வகையே. இலண்டனில் தட்டார் சங்கம் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும்; பாஸ்டனில் அஃது இல்லை. ஆகவே செய்தவன் தன் பெயரெழுத்தையே பொறித்து மாற்றுக்குப் பிணை நின்றான். டம்மரின் முத்திரை இதய வடிவினுள் ஐ, டி என்னும் ஆங்கில எழுத்திரண்டு. ஜே என்பதற்கு ஐ எழுதுதல் அக்கால வழக்கு.

வெள்ளி எங்கிருந்து வந்தது? அப்பகுதியில் வெள்ளிச் சுரங்கம் இல்லை. மெக்சிகோவிலும் பொட்டோசி மலையிலும் அகழ்ந்து ஸ்பானியர் அடித்த நாணயங்கள் வாணிகத்தால் வந்தன. டம்மரின் ஆசான் ஜான் ஹல் 1652 முதல் அவற்றை உருக்கியே ஷில்லிங் அடித்தார்.

அவ்வெள்ளி நம் கரைக்கும் வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டைக்குச் சென்ற விடுமுறையிற் போயிருந்தோம். செங்கற் சுவர்களும், பண்டகசாலைகளும், சின்னங்கள் செதுக்கிய கல்லறைக் கற்களும் ஆங்கு உள. கப்பலேறிய சரக்கு பெரும்பாலும் துணி. ஐரோப்பியப் பண்டங்களை நம்மவர் மிகுதியாக விரும்பாமையின் பொன்னும் வெள்ளியுமே விலையாயின. இக்கரையில் வழங்கியது பொன் வராகன். ஆதலால் வந்த வெள்ளியை விற்றோ நாணயமாக அடித்தோ வராகன் பெற்று, வணிகர் வழியாக நெசவாளர்க்கு முன்பணம் தந்தனர்.

இவ்விரு கரைகளையும் இணைத்தவர் எலிஹு யேல். 1649-இல் பாஸ்டனிற் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்தார். சொந்த வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டிப் பதவியிழந்தார். அவர் ஆளுகையில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். அதனை மறைத்து அவர் கொடையை மட்டும் புகழ்தல் மாணவர்க்குத் தகாது. கனெக்டிகட்டில் 1701-இல் தோன்றிய கல்லூரிக்கு உதவுமாறு அவரை வேண்டிவந்தவருள் ஒருவர், இலண்டனில் குடியேற்ற நாடுகளின் முகவராயிருந்த இளைய ஜெரமையா டம்மர். அவர் நம் தட்டாரின் மகன்! 1718-இல் யேல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 நூல்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பினார். காலிக்கோவும் மஸ்லினும் அம்மூட்டைகளில் இருந்தன. சரக்கு விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரி அவர் பெயர் பெற்றது.

தண்டிலே தட்டார் முத்திரை, கல்லூரியிலே கொடையாளர் பெயர். துணிக்கு அத்தகைய முத்திரை இல்லை. நெய்தவன் பெயர் நெய்ததோடு போயிற்று. சதுரங்கப்பட்டினத்துக் கல்லறை எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்க எமக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. படித்தவை யாவும் ஒல்லாந்தர் பெயர்களே.