திரையில் கற்கும் பூனைப் பாடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பூனை வளர்ப்பைக் கற்றுத்தரும் இணையவழிப் படிப்புகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகியவை. பிரிட்டனின் எடின்பரோ பல்கலைக்கழகம் ‘தி ட்ரூத் அபௌட் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்ற பெயரில் நாய், பூனைகளின் நடத்தை பற்றிய பாடம் ஒன்றைக் கோர்செரா தளத்தில் வழங்கியது. 1958-இல் தொடங்கப்பட்ட ‘இன்டர்நேஷனல் கேட் கேர்’ என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளையும் பூனை பராமரிப்பில் தொலைவழிப் பாடங்கள் நடத்துகிறது. இவற்றுக்குப் பக்கத்திலேயே, ஆசிரியர் யாரென்றே தெரியாத ஒரு மணி நேரச் சான்றிதழ்ப் படிப்புகளும் விற்பனையாகின்றன. இந்தப் படிப்புகளைப் பற்றி மக்களிடம் உள்ள எண்ணங்களில் சில பாதி உண்மை. சில, பூனையின் உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், அதற்கு ஒரு படிப்பு எதற்கு?

உண்மை: பூனை உடம்பை நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், கழிவை மண் தள்ளி மூடும். அந்த அளவுக்குச் சரி. ஆனால் நோயையும் அது அப்படியே மூடி மறைக்கும். எலியை வேட்டையாடும் இந்தச் சிறு விலங்கு, தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் கூடியது. அதனால் வலி வந்தால் கத்திக் காட்டாமல் ஒதுங்கிப் படுக்கிறது. வீட்டார் அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். காதுகள் எந்தப் பக்கம் திரும்பியுள்ளன, கண் எவ்வளவு இடுங்கியுள்ளது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியுள்ளதா, மீசை மயிர் விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்தில் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி நிவாரணம் தேவைப்படலாம் என்று பொருள். புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதினாலும் விளங்காத இது, நல்ல படங்களையும் காணொளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரே மாலையில் விளங்கிவிடும். இணையப் பாடத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது.

கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வருவதை இன்னொரு சான்றாகச் சொல்லலாம். மணல் தட்டுக்கு அடிக்கடி போகும், முக்கும், சில சொட்டுகளே வரும், அல்லது எதுவுமே வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துவிடும். இந்த அறிகுறியை முன்பே ஒரு முறை பாடத்தில் பார்த்திருப்பவர் அன்றைக்கே கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுவார்.

நம்பிக்கை: படிப்பில் சேர்ந்துவிட்டால் கற்றுக்கொண்ட மாதிரிதான்.

உண்மை: சேர்வது எளிது, முடிப்பவர் குறைவு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய படிப்புகளைப் பற்றி 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேரே முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில்கூடப் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே முடித்தார்கள்.

நம்பிக்கை: கட்டணம் கட்டிப் படிப்பதுதான் தரமானது, இலவசப் பாடத்தில் சரக்கு இருக்காது.

உண்மை: கட்டணத்துக்கும் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பல்கலைக்கழகப் பாடங்கள் பலவற்றைச் சான்றிதழ் வேண்டாம் என்றால் காசில்லாமலே பார்க்க முடிந்திருக்கிறது. விலையைவிட, கற்பிப்பவர் கால்நடை மருத்துவரா, விலங்கு நடத்தையை முறையாகப் படித்தவரா என்பதைப் பார்ப்பதே பயன் தரும். பாடத்தின் உள்ளே நுழைந்ததும் சோதித்துவிடவும் வழி இருக்கிறது. குடற்புழுவுக்குப் பூண்டு கொடுக்கச் சொல்லும் பாடம் தவறானது. பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பெட்டைப் பூனை ஒரு ஈடு குட்டி போட்ட பிறகே கருத்தடை செய்ய வேண்டும் என்று சொல்லும் பாடமும் அப்படியே. அந்த முதல் ஈற்றால் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடக்கூடிய விலங்கு அது. சினைக்காலமோ ஒன்பது வாரம்தான்.

நம்பிக்கை: ஒரு முறை படித்தால் ஆயுசுக்கும் போதும்.

உண்மை: பூனையைப் பற்றிய அறிவு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. டாரின் என்ற சத்துப்பொருளின் கதை அதைக் காட்டும். மனித உடல் டாரினைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975-இல் தெரிய வந்தது. இதயத் தசையே தளர்ந்து வீங்கும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவர் பால் பியோனும் குழுவினரும் 1987-இல்தான் வெளியிட்டார்கள். அதுவரை கடையில் விற்ற பூனை உணவுகள் சிலவற்றிலேயே டாரின் போதவில்லை. அதற்குப் பிறகு நிறுவனங்கள் அளவைக் கூட்டின, அந்த இதய நோயும் வெகுவாகக் குறைந்தது. எனவே பாடம் கடைசியாக எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்று பார்ப்பது அவசியம். பாலும் சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே போட்டு வளர்க்கப்படும் வீட்டுப் பூனைக்கு இந்தக் குறைபாடு இன்றும் வரக்கூடியதே.

நம்பிக்கை: வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே இங்கே பின்பற்றலாம்.

உண்மை: பூனையின் உடல் எங்கும் ஒன்றுதான், சூழல் ஒன்றல்ல. மிகப் பெரிய வேறுபாடு ரேபிஸ். பிரிட்டனின் நிலவாழ் விலங்குகளிடையே அந்நோய் 1922-லேயே ஒழிந்துவிட்டது. ஆகவே அங்கே தயாராகும் பாடம் பூனைக் கீறலைச் சாதாரணக் காயமாகக் கருதிக் கடந்துவிடலாம். இந்தியாவில் அப்படி விட முடியாது. மூன்று மாதக் குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளிநாட்டுப் பாடத்தில் இந்த அத்தியாயம் இல்லாவிட்டால், இங்குள்ள மருத்துவரிடம் கேட்டு நிரப்பிக்கொள்வது கட்டாயம்.

நம்பிக்கை: சான்றிதழ் கையில் இருந்தால் வைத்தியமும் பார்க்கலாம்.

உண்மை: எல்லாவற்றிலும் ஆபத்தான எண்ணம் இது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கலாம். அந்தப் பட்டப்படிப்பு பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. சில வாரப் பாடம் அதற்கு ஈடாகாது, நல்ல பாடம் எதுவும் அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

பாராசிட்டமால் மாத்திரையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். மனிதக் காய்ச்சலுக்கு வீட்டில் எப்போதும் இருக்கும் மருந்து அது. அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. உள்ளே போன மருந்து நஞ்சாகி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு பூனையைக் கொல்ல 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும். நாய்களின் உண்ணிக்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் கழுத்தில் தடவினாலும் வலிப்பு வந்து இறக்கலாம்.

பாராசிட்டமால் நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. அதைக் கொடுக்க வேண்டியவர் மருத்துவர். பூனை எத்தனை மாத்திரை தின்றது, எப்போது தின்றது, அதன் எடை என்ன என்ற மூன்றையும் அவர் முதலில் கேட்பார். முறையாகப் படித்தவர் இந்த மூன்றுக்கும் விடையோடு போவார்.