கும்மி வட்டத்தில் குட்டி வாத்தியார்கள்!

"டாக்டர், பி.டி. பீரியட்ல பையனைக் கும்மி ஆடச் சொல்றாங்களாம். ஓடியாடி விளையாட விடாம இதென்ன?" என்று கேட்கிற அம்மாக்கள் உண்டு. கும்மியும் நல்ல உடற்பயிற்சிதான், தாயே!

சித்த மருத்துவம் சொல்லும் பத்து வாயுக்களில் வியானன் என்பது ஒன்று. கை, கால்களை நீட்டி மடக்க வைப்பது அதன் வேலை. குனிந்து நிமிர்ந்து, கை தட்டி, வட்டமாகச் சுற்றி வரும்போது தோள், இடுப்பு, முழங்கால் எல்லாமே இயங்குகின்றன. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி.

பிள்ளைக்குப் பிள்ளையே குரு

ஆசிரியர் ஒருவர் ஆட, வகுப்பே பார்த்து ஆடினால், கடைசி வரிசைக் குழந்தைக்கு ஒன்றும் புரியாது. முதலில் 4 பேருக்கு மட்டும் சொல்லித் தரட்டும். "வலது கால், இடது கால், குனிஞ்சு ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு" - அவ்வளவுதான். அவர்கள் ஆளுக்கொருவருக்குக் கற்றுக்கொடுத்தால் 4 பேர் 8 ஆவார்கள். 8 பேர் 16 ஆவார்கள்.

சொல்லித் தரும் குழந்தை அசைவைப் பிரித்து, எண்ணிக் காட்டுவதால் அதன் மனதிலும் நன்றாகப் பதிகிறது. கற்கும் குழந்தையோ, "மறுபடி காட்டுடா" என்று கூச்சமில்லாமல் கேட்கும்.

குண்டான பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வரும் பிள்ளை... இவர்களும் ஒருநாள் வாத்தியாராக வேண்டும். இது முக்கியம். "எனக்கு விளையாட்டே வராது" என்று சின்ன வயதிலேயே ஒதுங்கிவிட்டால், பெரியவனான பிறகு அந்த உடம்பை அசைய வைப்பது கஷ்டம். கும்மி வட்டத்தில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை!

கவனிக்க வேண்டியவை

* சாப்பிட்டவுடனும், உச்சி வெயிலிலும் ஆட வேண்டாம்.

* கோலாட்டம் என்றால் கோல் முனை மழமழவென்று இருக்கட்டும். முகத்துக்கு நேரே வீசக் கூடாது.

* இழுப்பு உள்ள குழந்தையை ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள். மெதுவாகத் தொடங்கட்டும், மூச்சு இரைத்தால் உடனே ஓய்வு. டாக்டர் தந்த இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

* ஆடி முடித்ததும் தண்ணீரோ மோரோ கொடுங்கள். கலர் பானங்கள் வேண்டாம்.

பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு நிற்காமல், "இன்னிக்கு என்ன ஆடினே? எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். அதன் முகம் மலரும். உங்கள் முழங்காலுக்கும் நல்லது!