முதுகு, கழுத்து வலியா? படுத்தே இருக்காதீர்கள்

முதுகு வலியும் கழுத்து வலியும் பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். நாள் முழுவதும் படுத்திருந்தால் தசைகள் பலவீனமடைந்து வலி நீடிக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை:
• தாங்கக்கூடிய அளவுக்கு நடமாடுங்கள். புளோக்கின் கீழே மெதுவாக நடக்கலாம்.
• மிதமான சூட்டில் ஒத்தடம் கொடுங்கள்.
• சந்தைப் பொருள்களை இரு பைகளாகப் பிரித்து, இரு கைகளிலும் தூக்குங்கள்.
• கைத்தொலைபேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள்.

வலி குறையவில்லையா? குடும்ப மருத்துவரை அல்லது பலதுறை மருந்தகத்தை நாடுங்கள். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளையும் கொண்டுசெல்லுங்கள். சில வலி நிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

உடனடிச் சிகிச்சை தேவைப்படும் அறிகுறிகள்:
• கால்கள் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல்
• சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை
• காய்ச்சலுடன் வலி
• கீழே விழுந்தபின் கடும் வலி

இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எழுந்து நடக்க முடியாவிட்டால் 995ஐ அழையுங்கள்.