மேக்ரோவுக்குப் போடும் பூட்டு எவ்வளவு தாங்கும்?

கடலூர் முதுநகரில் ஒரு மீன் வியாபாரிக்கு ஏலக் கணக்கு, சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில் ஷீட் என்று எக்செலில் மேக்ரோ எழுதிக் கொடுத்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவங்க நம்ம காலேஜிலேயே உண்டு. அவங்களுக்கெல்லாம் ஒரு கட்டத்தில் வரும் சந்தேகம்: "நான் எழுதின கோடிங்கை யாரும் பார்க்கக் கூடாது. என்ன பண்றது?"

வழி சுலபம். ஆல்ட், எஃப்11 சேர்த்து அழுத்தினால் விபிஏ எடிட்டர் வரும். இடது பக்கம் உங்க ப்ராஜெக்ட் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்க. ப்ரொடெக்‌ஷன் டேப்பில் 'லாக் ப்ராஜெக்ட் ஃபார் வியூயிங்' என்பதை டிக் செய்து, பாஸ்வேர்டை இரண்டு தடவை கொடுங்க. டிக் போடாமல் பாஸ்வேர்டு மட்டும் கொடுத்தால் அந்த ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவுக்குத்தான் பூட்டு, கோடிங் திறந்தே கிடக்கும். ஃபைலை சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்த பிறகுதான் பூட்டு வேலை செய்யும். ஷீட் ப்ரொடெக்‌ஷன் வேறு சமாச்சாரம். அது செல்களை மாற்றவிடாமல் தடுக்கும், கோடிங்கை மறைக்காது.

கடைக்காரர் யாரும் ஆல்ட் எஃப்11 தட்டிப் பார்க்கப் போறதில்லை. மேக்ரோ நடுவில் எரர் அடிக்கும், அவர் டீபக் பட்டனைத் தட்டுவார், நேரா உங்க கோடிங்குக்குள்ள போய் நிற்பார். தெரியாமல் ஒரு எழுத்தை அழித்தாலும் போச்சு. ப்ராஜெக்ட் பூட்டியிருந்தால் அந்த டீபக் பட்டன் மங்கிவிடும். என்னைக் கேட்டால் இந்தப் பூட்டின் உண்மையான பயன் இதுதான்.

ஏன்னா, தெரிந்தே பார்க்க நினைக்கிறவனை இது தடுக்காது. எக்ஸ்எல்எஸ்எம் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். ஒரு காப்பி எடுத்து, எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்க. எக்ஸ்எல் என்ற ஃபோல்டரில் 'விபிஏப்ராஜெக்ட்.பின்' இருக்கும். உங்க கோடிங் அதற்குள்தான் இருக்கு, சுருக்கி வைத்திருக்கிறதே தவிர என்கிரிப்ட் ஆகவில்லை. பாஸ்வேர்டைக் கேட்பது எடிட்டர் மட்டும்தான். எடிட்டர் பக்கமே வராதவனிடம் யார் கேட்பது? மேக்ரோ வைரஸ்களை ஆராய்கிறவர்கள் பயன்படுத்தும் 'ஓலேவிபிஏ' என்ற இலவச பைத்தான் டூல், பாஸ்வேர்டு இல்லாமலே கோடிங்கை அப்படியே எடுத்துக் காட்டும்.

அதனால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கடையின் கொள்முதல் விலை போன்ற எதையும் மேக்ரோவுக்குள் எழுதாதீங்க. 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' போட்டால் ஃபைல் முழுக்க நிஜமாகவே என்கிரிப்ட் ஆகும். ஆனால் ஃபைலைத் திறக்க கடை ஆளுக்கு அந்த பாஸ்வேர்டைச் சொல்லித்தானே ஆகணும்? வெளியாளுக்குத்தான் அது தடை. கணக்குப் போடும் முறையே ரகசியம் என்றால், அந்தப் பகுதியை ஒரு சர்வரில் வைத்து, விடையை மட்டும் எக்செலுக்கு அனுப்பணும். கூகுள் ஷீட்ஸுக்கு மாறினால் தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. ஷீட்டை ஒருத்தர் காப்பி எடுத்தால் அதோடு சேர்ந்த ஸ்கிரிப்டும் கூடவே போகும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. ரெடிமேட் துணிக்கு அதுவரை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. அந்தச் சிதம்பரம் ஜவுளிக்கடை பில் ஷீட்டில் 12 என்ற எண் பூட்டிய மேக்ரோவுக்குள் இருந்து, எழுதிக் கொடுத்த சீனியர் பெங்களூரில் வேலைக்குப் போய் நம்பரையும் மாற்றியிருந்தால், தீபாவளிக்கு முந்தைய அந்த மாசத்தில் கடைக்காரர் என்ன செய்வார்? பில்லை கையால்தான் எழுதணும்.

வரி விகிதம், வரம்புத் தொகை, கமிஷன் சதவீதம் மாதிரி மாறக்கூடிய எண்களைத் தனி ஷீட்டில் வைத்து, மேக்ரோ அங்கிருந்து படிக்கிற மாதிரி எழுதுங்க. அந்தச் செல்களைத் திருத்தக் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுங்க. காசு பாக்கி இருக்கும் வரை பூட்டி வைப்பது நியாயம்தான். முழுசா செட்டில் ஆனதும் ப்ராஜெக்ட் பாஸ்வேர்டை ஒரு பேப்பரில் எழுதி அவர் கையில் கொடுத்துடுங்க.