எதற்காக அளக்கிறீர்கள்?

அன்புள்ள இளம் உடற்கல்வி ஆசிரியருக்கு,

அரசின் கேலோ இந்தியா திட்டத்தின் உடற்தகுதிச் சோதனைகளை நடத்திப் பதிவேற்றும் வேலை இனி உங்களுடையது. நான்காம் வகுப்பு முதல் உயரம், எடை, 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்கள், கால் நீட்டி உட்கார்ந்து கை எட்டுதல், வயிற்றுப் பயிற்சி, தண்டால் என்று பட்டியல் தெளிவாகவே இருக்கிறது. எப்படி அளப்பது என்பதைக் கையேடு சொல்லிவிடும். எதற்காக அளக்கிறோம் என்பதை முடிவுசெய்யாமல் இறங்கினால், பிசகாமல் எடுத்த அளவும் பிழையான தீர்ப்பாகிவிடும். இதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஹான்ஸ் கிராஸ், சோன்யா வெபர் என்ற இருவர் முதுகுவலிக்காரர்களைச் சோதித்த அனுபவத்திலிருந்து ஆறு எளிய தசைச் சோதனைகளை வகுத்தார்கள். ஆறில் ஒன்று தவறினாலும் தோல்வி. 1950-களில் அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தபோது, அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தோற்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பதற்றம் வெள்ளை மாளிகைவரை போனது. 1956-ல் அதிபர் ஐசனோவர் இளையோர் உடற்தகுதிக்கென்றே ஒரு குழு அமைத்தார். ஆனால் தோற்றவர்களில் பெரும்பாலோர் சறுக்கியது, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுவதில்தான். இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று அந்த ஆறில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. நோயாளிக்கென்று பிறந்த கேள்வியின் விடையை ஒரு தலைமுறையின் வலிமைக் கணக்காக வாசித்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது தரவரிசை. 1966-ல் தொடங்கிய அதிபர் விருதைப் பெற, எல்லாச் சோதனைகளிலும் நூற்றில் 85 பேருக்கு மேலே நிற்க வேண்டும். பிள்ளை நலமாக வாழ எவ்வளவு தெம்பு வேண்டும் என்பதிலிருந்து அந்த எல்லை பிறக்கவில்லை; மற்றப் பிள்ளைகள் எவ்வளவு செய்தார்கள் என்பதிலிருந்து பிறந்தது. கூப்பர் நிறுவனம் 1982-ல் தொடங்கிய ஃபிட்னஸ்கிராம் என்ற சோதனைத் தொகுப்பு பின்னாளில் நலத்துக்குத் தேவையான அளவையே எல்லையாக வைத்தது. 2012-13 கல்வியாண்டோடு அதிபர் விருதுக்கான பழைய சோதனை விலக, ஃபிட்னஸ்கிராம் அந்த இடத்துக்கு வந்தது. பழையதை மீட்க 2025-ல் ஆணை பிறந்திருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் முனைய மாட்டார்கள், திறமைசாலியைக் கண்டுபிடிக்கவும் முடியாது என்பார்கள். திறமை தேடுவது நியாயமான வேலைதான். அதற்குத் தனித் தேர்வு வையுங்கள். வருகிறவர்கள் விரும்பி வரட்டும். கடைசியாக ஓடிவரும் பிள்ளையின் நேரத்தை வகுப்புக்கே கேட்கும்படி வாசித்தால் எந்தத் திறமையும் வெளிப்படாது. அடுத்த முறை அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று ஒதுங்கிக்கொள்ளும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: பிள்ளையை அதன் பழைய அளவோடு மட்டும் ஒப்பிட்டால், வளர்ச்சியே முன்னேற்றமாகத் தோன்றாதா? தோன்றும். உயரம் கூடினாலே ஓட்டம் விரைவுபடலாம். கால் எலும்பு வேகமாக நீளும் வயதில் கை எட்டும் தூரம் குறையவும் கூடும். முதல் 600 மீட்டரில் கண்மண் தெரியாமல் பாய்ந்து பாதியில் களைத்த பிள்ளை, வேகத்தைப் பங்கிடக் கற்றதாலேயே அடுத்த முறை முந்திவிடும். ஆகவே வயதுக்கேற்ற நல எல்லை, அந்தப் பிள்ளையின் சென்ற அளவு இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

செய்ய வேண்டியவை சில. ஓட்டத்துக்கு முன் ஒருமுறையாவது பழக்கிவிடுங்கள். டிசம்பர்க் காலையில் எடுத்த நேரத்தை ஏப்ரல் வெயிலில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். உடல் நிறை குறியீடு கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. அந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் குண்டு என்று எழுதிவிடாதீர்கள். அளவைப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லுங்கள். சொல்லும்போதே அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன பயிற்சி என்பதையும் சொல்லுங்கள். அப்படி ஒரு பயிற்சியைச் சொல்ல உங்களிடம் நேரமோ இடமோ இல்லையென்றால், அந்த ஆண்டு சோதனை நாள்களைக் கூடிய மட்டும் சுருக்கி, மிச்சப்பட்ட பாடவேளைகளில் அவர்களை விளையாட விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவர்